பத்து வரும்வரை காராமணி

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விருத்தாசலத்தின் கையால் டீ குடித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அவரிடம் ஸ்ட்ராங், லைட் என்று விளக்கம் சொல்லவேண்டியதில்லை. ஆளைப் பார்ப்பார். ராத்திரி முழுக்கக் கண் விழித்த லாரி டிரைவருக்கு ஒரு நிறம், கோர்ட்டுக்குப் போகிறவருக்கு ஒரு நிறம், பெண் பார்க்கப் போகும் கும்பலில் மாப்பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு நிறம். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார். அரைச் சொட்டு பால் கூடிப்போனால் அவருடைய இடது புருவம் துடிக்கும்.

1986-ல் அவருக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருஷமாக நிறம் பார்த்த கண். அந்தக் கண்ணுக்கு எதிரிலேயே, ஒரே வீட்டில், மனைவி கெங்கம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. ஆனி மாதத்தில் ஒருநாள் அவள் அடிபம்பின் பக்கத்தில் குடத்தோடு சரிந்து விழுந்தபோதுதான் தெரிந்தது.

விருத்தாசலம் விக்கிரவாண்டிப் பக்கம். மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லை கொஞ்சம், பங்காளிகள் நிறைய. கணக்கு ஒத்துவராமல் திண்டிவனத்துக்கு வந்து, கிளாஸ் கழுவி, பாய்லர் துலக்கி, ஒருவழியாக மாஸ்டர் ஆனவர். கெங்கம்மாள் மண்டகப்பட்டு. கேப்பைக் கூழில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், அவள் சாப்பிட்டுக் கை கழுவித் திரும்பியபோது விருத்தாசலம் கையில் டீயோடு நின்றார். அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷம், மூன்று வேளையும், அவள் கையின் ஈரம் காய்வதற்குள் டீ வந்துவிடும். கடைக்குப் பின்சந்தில்தான் வீடு. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அந்த ஒரு கிளாஸை அவரேதான் எடுத்துக்கொண்டு ஓடுவார். 'உன்மேல் பிரியம்' என்கிற மாதிரியான வாக்கியங்கள் அவர் வாயிலிருந்து வந்ததேயில்லை. "ஆறிடப் போவுது, குடி" என்பார். அவருடைய காதல் வசனம் மொத்தமும் அவ்வளவுதான்.

விழுந்தவளை எழுப்பி, பஸ்ஸில் வைத்து, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முதலில் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள்.

ரத்தம் பார்க்கிறவர் பெயர் மரியஅந்தோணி. ஒல்லியான ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி. கெங்கம்மாளின் விரலில் ஒரு குத்து குத்தினார். மெல்லிய குழாயால் ரத்தத்தை உறிஞ்சி, கோடு போட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில், ஆசிட்டுக்குள் விட்டார். பத்து நிமிஷத்தில் அது பழுப்பாக மாறியது. இரண்டு பக்கமும் பழுப்புக் கண்ணாடித் துண்டு வைத்த பெட்டியின் நடுவில் குழாயைச் செருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட ஆரம்பித்தார்.

விருத்தாசலத்துக்கு வியர்த்துவிட்டது. அவருக்குத் தெரிந்த உலகத்தில், நல்ல டிகாஷனில் தண்ணீர் ஊற்றுகிறவன் திருடன்.

"சார், சார்! போதும் சார், நிறுத்திடுங்க! இன்னா சார் இது, ஏற்கெனவே ரத்தம் இல்லாத பொம்பள. இருக்கிறதயும் இப்டித் தண்ணி ஊத்திக் கெடுக்கிறீங்களே!"

மரியஅந்தோணி கையை நிறுத்தாமலே கேட்டார். "நீ இன்னா வேலை பாக்கிற?"

"டீ மாஸ்டருங்க."

"அப்ப ஒனக்கு ஜல்தியாப் புரியும். இந்தப் பக்கத்துக் கண்ணாடி இன்னா கலரு இருக்குதோ, அந்தக் கலரு வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தணும். ரத்தம் கெட்டியா இருந்தா நெறைய தண்ணி தாங்கும். எவ்ளோ தாங்குதோ அதான் நம்பரு."

விருத்தாசலத்துக்குப் புரிந்துவிட்டது. கெட்டி டிகாஷனில் பத்து கிளாஸ் தேறும், நீர்த்த டிகாஷனில் ஆறுதான் தேறும். ஒரே நொடியில் அவருடைய பிரார்த்தனை தலைகீழாக மாறியது. இப்போது அவர் மனசு, 'ஊத்துங்க சார், இன்னும் ஊத்துங்க' என்று கெஞ்சியது. அதற்குள் மரியஅந்தோணி நிறுத்திவிட்டார்.

"ஏழரை."

ஏழரை என்றதும் விருத்தாசலம் அனிச்சையாகச் சனீஸ்வரனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. அதனால்தான் இவ்வளவு ரத்தம் போயிருக்கிறது. கட்டியை எடுத்துவிட வேண்டும். ஆனால் ஏழரையில் கத்தி வைக்க முடியாது, பத்தாவது இருக்கவேண்டும். ஏற்றுவதற்கு அவளுடைய வகை ரத்தம் சுலபத்தில் கிடைக்காது. விருத்தாசலம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். அவருடையது சேரவில்லை. ரத்தப்போக்கைக் குறைக்க ஒரு மாத்திரை, இரும்புச்சத்துக்கு ஒரு மாத்திரை, கூடவே நல்ல சாப்பாடு, ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார். கதவுவரை வந்தபோது இன்னொன்றும் சொன்னார். "ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாதுங்க. ஏறுறதுக்குள்ள இறங்கிடக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியம் விருத்தாசலத்தின் காதுக்குள் கொசு மாதிரி குடிபுகுந்தது.

மறுநாள் காலை கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சுப்பராயலு. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்பது தவிர எல்லா விஷயமும் சரியாகத் தெரிந்தவர். விருத்தாசலம் கதையைச் சொன்னதும், அவர் ஞாயிற்றுக்கிழமை இணைப்பைத் தேடி எடுத்துச் சத்தமாக வாசித்தார்.

"இந்தா கேளு. 'உலர்ந்த சிவப்புக் காராமணி, நூறு கிராம். புரதம் இருபத்து நாலு கிராம். இரும்பு எட்டரை மில்லிகிராம்.' எட்டரைய்யா! ஒன் ஊட்ல எவ்ளோ இருக்குது?"

"ஏழரை."

"ஏழரையும் எட்டரையும் பதினாறு. பத்துதான கேட்டாங்க? ஆறு மிச்சம்! இதுக்குப் போயி மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு இருக்கிறியே!"

இந்தக் கணக்கில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று விருத்தாசலத்துக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் பயந்துபோயிருக்கும் மனுஷனுக்கு, சரியான கணக்கைவிடக் கூட வருகிற கணக்குதான் பிடிக்கும். அதோடு காராமணி சிவப்பு, ரத்தமும் சிவப்பு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மண்டகப்பட்டிலிருந்து கெங்கம்மாளின் தம்பி அரை மூட்டை காராமணி கொண்டுவந்து இறக்கினான். அந்த ஊர்க் குகைக் கோயில் பக்கத்துப் பாறைச் சூட்டில் காய்ந்தது. ஒவ்வொன்றும் கல் மாதிரி, மாதுளை முத்து நிறம். விருத்தாசலம் ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். நிறம் திருப்தியாக இருந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காராமணி ஆட்சி. காலையில் காராமணிச் சுண்டல். மத்தியானம் காராமணியும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. ராத்திரி காராமணியை அரைத்து அடை. முதல் நாள் ஊறவைத்த தண்ணீரை கெங்கம்மாள் கொட்டப்போனபோது, விருத்தாசலம் பாய்ந்து வந்து பாத்திரத்தைப் பிடித்தார்.

"கொட்டாத! செவப்பெல்லாம் அதுலதான எறங்கியிருக்குது? குடி!"

"யோவ், மாட்டுக்கு வெக்கிற தண்ணிய்யா இது!"

"மாட்டுக்கு எத்தினி ரத்தம் இருக்குது பாத்தியா?"

குடித்தாள். அந்த வாரம் அவள் வயிற்றில் நடந்த கச்சேரி பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் சுவரைத் தட்டி, "இன்னாக்கா, ராத்திரிக்கு ராத்திரி ஊட்ல டிராக்டர் ஓட்றீங்களா?" என்று விசாரித்தாள். அதற்குப் பிறகுதான் ஊறின தண்ணீர் மாட்டுக்கே போனது.

காலையில் கண் விழித்ததும் விருத்தாசலம் செய்கிற முதல் காரியம், தூங்குகிற மனைவியின் கீழிமையை இழுத்துப் பார்ப்பது. அப்புறம் நகம், அப்புறம் நாக்கு. ஒருநாள் சிவந்திருக்கிற மாதிரி தோன்றும், குஷியாகக் கடைக்குப் போவார். மத்தியானம் மறுபடி வந்து பார்த்தால் வெளுத்திருக்கிற மாதிரி தோன்றும். 'ஏறுறதுக்குள்ள இறங்கிடக் கூடாது' என்று கொசு காதுக்குள் பாடும். அவசரமாக இன்னொரு கரண்டி காராமணி தட்டில் விழும். அவள் சாப்பிட்டுக் கை கழுவியதும் மாத்திரை. மாத்திரையை விழுங்க, கடையிலிருந்து சுடச்சுட ஒரு டீ. நோயாளி ஆயிற்றே என்று இப்போதெல்லாம் தூள் ஒரு பிடி அதிகம், கூடவே இன்னொரு அரை கிளாஸ்.

"ஆறிடப் போவுது, குடி."

ஆவணியில் மறுபடி விழுப்புரம். மரியஅந்தோணி விரலைக் குத்தினார், உறிஞ்சினார், கலக்கினார். விருத்தாசலம் இந்தமுறை வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் உதட்டை மட்டும் அசைத்தார். பதினாறு வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பதினொன்று, பத்தரை... சொட்டு நின்றது.

"ஏழு பாயின்ட் எட்டு."

அரை மூட்டை காராமணி. ஆறு வாரம். ஏறியது பாயின்ட் மூன்று. விருத்தாசலம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கெங்கம்மாள்தான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். பார்க்கிறவர்களுக்கு யார் நோயாளி என்பதில் சந்தேகம் வந்திருக்கும்.

நர்ஸ் லூர்து மேரி சீட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களாம்மா?"

"ஒரு நாளு உட்லிங்க."

"ரத்தப்போக்கு?"

"அது நல்லா கொறஞ்சிடுச்சிங்க."

"அப்ப இது இன்னும் ஏறியிருக்கணுமே! சாப்பாடு?"

விருத்தாசலம் பெஞ்சிலிருந்தே பதில் சொன்னார். "மூணு வேளையும் காராமணிங்க சிஸ்டர். செவப்புக் காராமணி. வேற சந்தேகமே வேணாம்."

"நல்ல சாமான்தான். இரும்பு இருக்கு, புரதம் இருக்கு. மாத்திரையை எதோட முழுங்குறீங்க?"

"டீயோட," என்றாள் கெங்கம்மாள்.

லூர்து மேரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "டீயா? சாப்ட்ட ஒடனேவா?"

"கை கழுவறதுக்குள்ள வந்துருங்க. இவருதான் எடுத்தாருவாரு. மூணு வேளையும்."

"அய்யோ ஆண்டவரே! ஏம்மா, பருப்பு பயறுல இருக்கிற இரும்பு லேசுல ஒடம்புல சேராது. அது மேல டீயை ஊத்துனா, டீல இருக்கிற துவர்ப்பு அந்த இரும்பைப் புடிச்சிக்கும். மாத்திரைக்கும் அதே கதிதான். நீங்க திங்கறதுல முக்காவாசி அப்படியே வெளிய போயிருக்கும்!" திரும்பி விருத்தாசலத்தைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி, பின்னாடி ஒரு மணி, டீ கூடாது. காராமணி மேல எலுமிச்சம்பழம் புழிஞ்சி குடுங்க, ஒரு நெல்லிக்கா கடிக்கச் சொல்லுங்க. புளிப்பு கூட இருந்தாதான் இரும்பு நல்லா சேரும். ஆமா, உங்களுக்கு ஏன் இவ்ளோ டீ? டீ எஸ்டேட்டா வெச்சிருக்கீங்க?"

விருத்தாசலம் சீட்டை வாங்கி நாலாக மடித்தார். "பழக்கமாப் பூட்ச்சிங்க," என்றாள் கெங்கம்மாள். முதல்முறையாகப் புருஷனின் தொழிலை மறைத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"நான்தானா கெங்கா?"

"இன்னா நான்தானா?"

"ஒன் ரத்தத்த ஏறவுடாம பண்ணது."

"ஆமா, நீ கத்தி எடுத்துக் குத்துன. போவியா! நீ குடுத்த, நான் குடிச்சேன்."

"நீயாவது ஒரு நாளு வேணான்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு இன்னா டீ மேல ஆசையா? இருபத்தஞ்சி வருசத்துல ஒரு நாளு நானா கேட்டிருக்கேனா? வேணான்னு சொன்னா ஒன் மூஞ்சி தொங்கிப்பூடும். அதப் பாக்கிறதுக்கு டீயே மேலுன்னு குடிச்சேன்."

விருத்தாசலம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்ட செய்தியைவிட இந்தச் செய்தி ஆழமாக இறங்கியது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் வீட்டுக்கு டீ போகவில்லை. எலுமிச்சம்பழம் போனது, நெல்லிக்காய் போனது. அவள் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குக் கால் தானாகப் பின்சந்துப் பக்கம் திரும்பும். கையில் ஒன்றும் இல்லாமல் வாசல்வரை போய், "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

பயம் கடைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. வயிறு தள்ளிய பெண் யாராவது டீ கேட்டால், "சாப்ட்டு எத்தினி நேரம் ஆவுதும்மா?" என்பார். "இப்பதான்" என்று பதில் வந்தால், "ஒரு மணி நேரம் செண்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். ஒருநாள் திருவண்ணாமலை பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி, "ஒரு மணி நேரம் செண்டு நான் செஞ்சியில இருப்பேன், நீ பாய்லரத் தூக்கிக்கினு அங்க வர்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ரத்தம் குறைந்த மாதிரி தெரிந்தால் ஆண்களையும் விடுவதில்லை. கண்ணை இழுத்துப் பார்க்காத குறை.

சுப்பராயலு தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல சாராயக் கடைக்காரன்கூட குடிக்காதன்னு சொல்ல மாட்டான்யா! டீ கடையில நின்னுக்கினு டீ குடிக்காதன்றியே, பெரிய பேஜாராப் பூட்ச்சி ஒன்னோட."

"நீ பேசாத. எட்டரையும் ஏழரையும் பதினாறுன்னியே, எங்கய்யா பதினாறு?"

சுப்பராயலு பேப்பரை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார்.

ஐப்பசி வந்தது. அடைமழை. மூன்றாவது தடவையாக விழுப்புரம். இரண்டு நாளாகவே விருத்தாசலம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தமுறையும் ஏறாவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரம்மா சொன்னதில்லை, அவர் கேட்டதுமில்லை. அன்று காலை கெங்கம்மாளின் இமையை இழுத்துப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

லாபில் கரண்ட் இல்லை. மரியஅந்தோணி குழாயை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார். வெளியே வானமும் பழுப்பாக இருந்தது. சொட்டு விழுந்தது, ஈர்க்கு மாதிரியான கண்ணாடிக் குச்சியால் கலக்கினார். எட்டு தாண்டியது. எட்டரை. ஒன்பது. விருத்தாசலத்தின் கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது. ஒன்பதே கால். இன்னொரு சொட்டு. இன்னொன்று. மரியஅந்தோணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, குழாயை உற்றுப் பார்த்தார்.

"இந்த மழை வெளிச்சத்துல எனக்கு நிச்சயமா தெரியலைய்யா. நீ கலரு பாக்கிற ஆளுதான? வந்து பாரு. ரெண்டும் ஒண்ணாச்சா, இன்னும் தண்ணி தாங்குமா?"

விருத்தாசலம் எழுந்து போனார். ஓரத்தில் இருந்த கோட்டைப் பார்த்தார். ஒன்பது பாயின்ட் ஆறு. இன்னும் இரண்டே சொட்டு விட்டால் பத்து. "தாங்கும் சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே தேதி கொடுப்பார்கள், கட்டி போய்விடும், காதுக்குள் கொசு செத்துவிடும். நாக்கு அந்த வார்த்தையை நுனிவரை கொண்டுவந்தும்விட்டது.

பிறகு குழாயைப் பார்த்தார். பழுப்புக்குப் பக்கத்தில் பழுப்பு. ஒரு முடி அளவுகூட வித்தியாசம் இல்லை. இன்னொரு சொட்டு விட்டால் நீர்த்துவிடும். முப்பத்தைந்து வருஷத்துக் கண் அது, அவர் ஆசைப்படுகிறார் என்பதற்காகப் பொய் சொல்ல மறுத்தது. நீர்த்த ரத்தத்தைக் கெட்டி என்று சொல்லி அவளைக் கத்திக்குக் கீழே படுக்கவைக்கிற காட்சி ஒருமுறை வந்து போனது. இடது புருவம் துடித்தது.

"ஒண்ணாயிடுச்சி சார்," என்றார். "இதுக்கு மேல ஊத்தாதீங்க."

அந்த அறையில் கிட்டத்தட்ட அதே வார்த்தையை அவர் இதற்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார். மரியஅந்தோணிக்கு அது ஞாபகம் வந்ததோ என்னவோ, 9.6 என்று எழுதினார்.

டாக்டரம்மா சீட்டை இரண்டுதரம் பார்த்தார். "ஏழே முக்கால்லேர்ந்து இதுவா? பரவாயில்லையே! இதே மாதிரி போனா பதினஞ்சு நாள்ல பத்தைத் தாண்டிடும். கார்த்திகை முதல் வாரம் தேதி போட்டுடறேன். அதுவரைக்கும் காராமணியை விடாதீங்க." ஓரமாக நின்ற லூர்து மேரி, "எலுமிச்சம்பழத்தையும்" என்றார்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்ட்வரை இருவரும் சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். விருத்தாசலம் விரல்விட்டுப் பதினைந்து நாளை எண்ணிக்கொண்டு வந்தார். நடுவில் ஓர் அமாவாசை வந்தது, அதற்கும் கொஞ்சம் பயந்துகொண்டார்.

"ஏய்யா," என்றாள் கெங்கம்மாள். "ஒரு டீ வாங்கிக் குடேன்."

விருத்தாசலம் நின்றுவிட்டார். "இன்னா?"

"டீ. குளிருது."

"சாப்ட்டு..."

"காத்தால ஆறு மணிக்கு சாப்ட்டது. இப்ப மணி பன்னெண்டு. ஊட்டுக்குப் போய்ச் சாப்பிட ரெண்டாவும். போயி வாங்கியா."

பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு டீக்கடை. வாழ்க்கையில் முதல்தடவையாக, கெங்கம்மாளுக்கென்று வேறொருவன் ஆற்றிய டீயை விருத்தாசலம் கையில் வாங்கினார். வாங்கியவர் கொடுக்கவில்லை. கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கடைக்காரன் முறைத்தான்.

"இன்னாத்துக்கு அத அப்டி உத்துப் பாக்கிற?" என்றாள் கெங்கம்மாள். "அதுல இன்னா நம்பரா போட்டிருக்குது? குடு இங்க, ஆறிடப் போவுது."